வருமான வரி ரிட்டர்ன் போடும் முன்: 2025-26 நிதியாண்டு வருமான ஆவணங்களைத் திரட்ட முழு வழிகாட்டி

ஜூலை கடைசி வாரத்தில் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்று) மட்டும்தான் இருக்கும். வட்டி எவ்வளவு வந்தது என்று கேட்டால், "அதுக்குத்தான் பேங்க்லயே டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்களே" என்பார்கள். அங்கேயே கணக்கு தவறிவிடுகிறது. பணம் கொடுக்கும்போதே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரிதான் டி.டி.எஸ். வட்டியில் வங்கி பிடிப்பது 10 சதவீதம். நீங்கள் 20 அல்லது 30 சதவீத வரம்பில் இருந்தால் மீதியைக் கட்ட வேண்டியது நீங்கள்தான்.

இன்னொரு பழக்கமும் இப்போது பரவி வருகிறது. வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தைத் திறந்தால் சம்பளம், வட்டி, டிவிடெண்ட் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டு இருக்கும். அதை அப்படியே ஒப்புக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். துறைக்கு யாரோ தெரிவித்த தகவல்தான் அதில் இருக்கிறது. யாரும் தெரிவிக்காத வாடகையும், கூட்டுறவுச் சங்க வட்டியும், விற்ற நகையும் அதில் வராது. ஆனால் ரிட்டர்னில் உறுதிமொழி கொடுப்பது உங்கள் பெயரில். அதனால் உங்கள் கணக்கை முதலில் நீங்களே போடுங்கள், துறையின் பதிவை அப்புறம் திறந்து சரிபாருங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த ஆண்டு, எப்போது தொடங்குவது

இங்கே பேசுவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானம். இதற்கான மதிப்பீட்டு ஆண்டு (அந்த வருமானத்துக்கு வரியைக் கணக்கிடும் அடுத்த ஆண்டு) 2026-27. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், இந்த வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். ஆகவே ஃபார்ம் 16, 26ஏஎஸ் (உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் துறையின் பதிவு) என்ற பழகிய பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

சம்பளக்காரர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 31. ஆனால் ஏப்ரலிலேயே ரிட்டர்னை அனுப்பிவிட அவசரப்பட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டி.டி.எஸ். கணக்கை நிறுவனங்களும் வங்கிகளும் மே 31 வரை தாக்கல் செய்யலாம். ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. ஜூன் நடுவுக்கு முன்னால் துறையின் பதிவில் பாதித் தகவல் விட்டுப்போயிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் பக்கத்து ஆவணங்களை எடுத்து வையுங்கள். துறையின் பதிவுகளை ஜூன் இரண்டாம் பாதியில் எடுங்கள்.

"12 லட்சம் வரை வரி இல்லையே, நான் ஏன் ரிட்டர்ன் போட வேண்டும்" என்று கேட்பவர்கள் நிறைய. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராததற்குக் காரணம் 87ஏ பிரிவின் தள்ளுபடி. அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதைத் தாண்டினால், வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் போட வேண்டும். பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் வேலை: பாஸ்புக்கை வைத்து ஒரு பட்டியல்

உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஸ்டேட்மென்ட் எடுங்கள். எல்லா என்றால் எல்லாமே: பழைய கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கு, ஊரில் இருக்கும் கூட்டுறவு வங்கிக் கணக்கு, அஞ்சலகச் சேமிப்பு, மனைவியோடு அல்லது அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு.

ஸ்டேட்மென்ட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் வரிவரியாகப் பாருங்கள். ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் அது என்ன என்று எழுதுங்கள். சம்பளம், வட்டி, வாடகை, டிவிடெண்ட், எதையோ விற்ற பணம், டியூஷன் காசு, கடன் வாங்கியது, கொடுத்த கைமாற்று திரும்பி வந்தது, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே மாற்றியது. கடைசி மூன்றும் வருமானம் ஆகாது. ஆனால் அவற்றையும் குறித்து வைத்தால், நாளை இந்த ஐந்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது திணற வேண்டியிருக்காது. ரொக்கமாகக் கைக்கு வந்ததைப் பட்டியலின் கடைசியில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போகும். இதைத் தவிர்க்கக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. இதற்குப் பிறகு வரும் எல்லா ஆவணமும் இந்தப் பட்டியலின் ஏதோ ஒரு வரிக்கு ஆதாரமாக இருக்க வேண்டும்.

சம்பளம், பென்ஷன்

ஃபார்ம் 16-இல் இரண்டு பகுதிகள். ஏ பகுதியில் நிறுவனத்தின் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்), உங்கள் பான் எண், காலாண்டுவாரியாகப் பிடித்துக் கட்டிய வரி இருக்கும். பி பகுதியில் சம்பளப் பிரிவுகள், விலக்குகள், கழிவுகள், எந்த வரி முறையில் கணக்கிட்டார்கள் என்ற விவரம். மார்ச் மாதச் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வையுங்கள். ஆண்டு மொத்தம் பெரும்பாலும் அதில் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். தமிழ்நாடு அரசு ஊழியர்கள் சம்பளச் சீட்டுகளைக் களஞ்சியம் செயலியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடு ஆண்டில் வேலை மாறியவர்கள் இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் ஃபார்ம் 16 வாங்கியாக வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. முதல் கம்பெனியில் 7 லட்சம், இரண்டாவதில் 8 லட்சம் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தாங்கள் கொடுத்ததை மட்டும் வைத்துப் புதிய முறையில் கணக்குப் போட்டால், இரண்டு ஃபார்மிலும் வரி பூஜ்யம். சேர்த்துப் பாருங்கள்: 15 லட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 14.25 லட்சம். அதற்கு வரி 93,750, செஸ் 3,750, ஆக 97,500 ரூபாய். இரண்டு கம்பெனியும் நிலையான கழிவையும் தள்ளுபடியையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டன, சட்டம் அதை ஒருமுறைதான் தருகிறது. இது ஜூலை 30-ஆம் தேதி தெரிய வந்தால் பணத்துக்கு எங்கே போவது? தாமதத்துக்கான வட்டி வேறு சேரும். பழைய கம்பெனியின் எச்.ஆர். மெயில் முகவரியைத் தேடி ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள்.

வேலையை விட்டபோது கிராஜுவிட்டி, விடுப்புப் பணம் வாங்கியிருந்தால் இறுதிக் கணக்குத் தாள் தேவை. ஐந்து ஆண்டு தொடர்ச்சியான பணி முடியும் முன் பி.எஃப். பணத்தை எடுத்திருந்தால் பெரும்பாலும் அதற்கும் வரி உண்டு, அதன் விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

பென்ஷன் சம்பளத் தலைப்பில்தான் வரும். ஃபார்ம் 16-ஐ பென்ஷன் கொடுக்கும் வங்கியிடமோ கருவூலத்திடமோ கேட்க வேண்டும். கணவர் இறந்தபின் மனைவி வாங்கும் குடும்ப ஓய்வூதியம் வேறு. அது இதர வருமானம். சம்பளத்துக்கான நிலையான கழிவு அதற்குக் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000 ரூபாய், எது குறைவோ அது கழியும். புதிய முறையில் அந்த உச்சவரம்பு 25,000. வீட்டில் அம்மாவுக்கு ரிட்டர்ன் போடும் பிள்ளைகள் இந்த இடத்தில் தலைப்பை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

வட்டி: அதிகம் விட்டுப்போகும் இடம்

ஒவ்வொரு வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் வாங்குங்கள். நெட் பேங்கிங்கில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் கிளையில் கேட்டால் தருவார்கள். சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாவற்றின் வட்டியும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். டி.டி.எஸ். பிடித்திருந்தால் ஃபார்ம் 16ஏ-யும் எடுங்கள்.

சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டி.டி.எஸ். பிடிக்காது. எஃப்.டி. வட்டிக்கும் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிக்கும், மூத்த குடிமக்களுக்கு அந்த எல்லை 1 லட்சம். பிடிக்காத வட்டியும் வருமானம்தான். 15ஜி, 15எச் படிவம் கொடுத்தவர்களுக்கும் இதே பதில். அந்தப் படிவம் சொல்வது "என் மொத்த வருமானத்துக்கு வரி வராது, ஆகவே பிடிக்காதீர்கள்" என்பதை மட்டுமே. வட்டிக்கு அது விலக்கு வாங்கித் தராது.

முதிர்வில் மொத்தமாகப் பணம் தரும் எஃப்.டி.யில் இன்னொரு சிக்கல். கையில் காசு வராவிட்டாலும் வங்கி ஆண்டுதோறும் வட்டியைக் கணக்கிட்டு, அதற்கு டி.டி.எஸ். பிடித்து, துறைக்குத் தெரிவித்துவிடும். நீங்கள் ஐந்தாம் ஆண்டில் மொத்தமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், துறையின் பதிவும் உங்கள் ரிட்டர்னும் ஒவ்வோர் ஆண்டும் முரண்படும், ஐந்தாம் ஆண்டில் வரியும் கூடும். ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த வட்டியைக் காட்டுவதே நல்லது. பாஸ்புக்கில் இந்த வட்டி தெரியாது, சான்றிதழில்தான் தெரியும்.

அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு வட்டிக்குத் தனிநபருக்கு 3,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், மாதாந்திர வருமானத் திட்டம், டைம் டெபாசிட், தேசிய சேமிப்புப் பத்திரம் ஆகியவற்றின் வட்டிக்கு வரி உண்டு. பி.பி.எஃப்., செல்வமகள் சேமிப்புத் திட்ட வட்டிக்கு வரி இல்லை. ஆனாலும் ரிட்டர்னில் விலக்குள்ள வருமானப் பகுதியில் காட்ட வேண்டும் என்பதால் அந்தப் பாஸ்புக்குகளிலும் வட்டி பதிந்து வாங்கி வையுங்கள்.

ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் டெபாசிட் வைத்திருந்தால் சங்கச் செயலரிடம் எழுத்தில் வட்டிக் கணக்கு கேளுங்கள். பல சங்கங்கள் டி.டி.எஸ். பிடிப்பதில்லை, அதனால் துறையின் பதிவிலும் அது வராமல் போகலாம். பிள்ளைகள் பெயரில் போட்ட எஃப்.டி.யின் வட்டி, அவர்கள் மைனராக இருக்கும்வரை, பெற்றோரில் வருமானம் அதிகமுள்ளவர் கணக்கில் சேரும். போன ஆண்டு வந்த ரீஃபண்டோடு துறை வட்டி கொடுத்திருந்தால் அதுவும் இந்த ஆண்டு வருமானம். ரிட்டர்னைப் பரிசீலித்தபின் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பில் அந்தத் தொகை இருக்கும்.

வாடகை

வாடகை ஒப்பந்தம், வாடகை வந்த வங்கி வரவுகள், நீங்கள் கட்டிய சொத்துவரி ரசீது, வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் வட்டிச் சான்றிதழ் ஆகிய நான்கும் போதும். சொத்துவரியை அந்த ஆண்டில் உண்மையிலேயே கட்டியிருந்தால்தான் கழிக்கலாம். மீதியில் 30 சதவீதம் பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காக நிலையாகக் கழியும், அதற்குப் பில் தேவையில்லை. திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் வருமானம் ஆகாது. ஆனால் வீடு காலி செய்தபோது அதிலிருந்து வாடகை பாக்கிக்காகப் பிடித்துக்கொண்ட தொகை வாடகைதான்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட்

புரோக்கர் தளத்தில் வரிக்கான லாப நஷ்ட அறிக்கை என்று தனியாகக் கிடைக்கும். வெறும் வர்த்தகப் பட்டியலை எடுக்காமல் அதை எடுங்கள். இரண்டு புரோக்கர் இருந்தால் இரண்டும் வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுக்கு ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமாக ஏறி இறங்க வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ், ஹைதராபாத்தின் கேஃபின்டெக் ஆகிய இரண்டு பதிவாளர்களிடமும் மூலதன ஆதாய அறிக்கை கேட்டால் மெயிலில் வந்துவிடும். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும் விற்பனைதான், பணம் உங்கள் வங்கிக் கணக்கைத் தொடாவிட்டாலும். இந்த மாதிரி இனங்களை நீங்கள் எழுதிய பட்டியல் பிடிக்காது, ஆகவே அறிக்கையை அவசியம் பாருங்கள்.

நஷ்டம் வந்திருந்தால் அறிக்கை இன்னும் முக்கியம். கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் அந்த மூலதன நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியும். டீமேட் கணக்கை வேறு புரோக்கருக்கு மாற்றியவர்களுக்கு வாங்கிய விலை காலியாகவோ தவறாகவோ வரலாம். பழைய ஒப்பந்தச் சீட்டைத் தேடி எடுங்கள். டிவிடெண்ட் 2020 ஏப்ரல் முதல் முதலீட்டாளர் கையில் வரிக்குட்பட்டது. ஒரு நிறுவனத்திலிருந்து 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் டி.டி.எஸ்., ஆனால் வந்த மொத்தத்தையும் காட்ட வேண்டும்.

நிலம், வீடு, நகை விற்றிருந்தால்

விற்ற பத்திரம், வாங்கிய மூலப் பத்திரம், முத்திரைத் தீர்வை மற்றும் பதிவுக் கட்டண ரசீதுகள், கட்டுமானச் செலவு பில்கள், தரகர் கமிஷன் கொடுத்த ஆதாரம் ஆகியவற்றை எடுங்கள். பத்திரத்தில் எழுதிய விலை அரசின் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாகவும், வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேலாகவும் இருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாகத் துறை எடுத்துக்கொள்ளும். தாத்தா காலத்துச் சொத்து என்றால் பாகப்பிரிவினைப் பத்திரமோ உயிலோ வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் குடும்பத்துக்கு வந்ததென்றால் அன்றைய சந்தை மதிப்புக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம், இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டில் எந்த வரி குறைவோ அதைக் கட்டலாம். வாங்கிய தேதியும் விலையும் ஆதாரத்தோடு இருந்தால்தான் இந்த ஒப்பீடு சாத்தியம். 50 லட்சமோ அதற்கு மேலோ விற்றிருந்தால் வாங்கியவர் 1 சதவீதம் பிடித்திருப்பார், அவரிடம் ஃபார்ம் 16பி கேளுங்கள்.

நகை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பழைய நகையைக் கொடுத்துப் புதியது எடுப்பதும் வரிச் சட்டத்தின்படி விற்பனைதான். தங்கம் ஏறியிருக்கும் ஏற்றத்துக்கு லாபம் சிறிதாக இருக்காது. கடைக்காரர் போட்ட பழைய தங்க மதிப்பீட்டு பில்லையும், முதலில் வாங்கிய பில்லையும் சேர்த்து வையுங்கள். அடகு வைத்து வாங்கிய நகைக்கடன் வருமானம் அல்ல.

தொழில், கமிஷன், விவசாயம், மொய்

ஃப்ரீலான்ஸ் வேலை, டியூஷன், எல்.ஐ.சி. கமிஷன், யூடியூப் வருமானம் உள்ளவர்கள் போட்ட பில்கள், ஃபார்ம் 16ஏ, கட்டிய முன்கூட்டிய வரிச் சலான்கள் ஆகியவற்றை எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் பலர் டி.டி.எஸ். பிடித்துவிட்டு ஃபார்ம் தராமல் இழுத்தடிப்பார்கள். அவர்கள் பிடித்த தொகை போக வந்ததை வருமானமாக எழுதாதீர்கள், பில் போட்ட முழுத் தொகைதான் வருமானம்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் 5,000 ரூபாயைத் தாண்டினால் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேரும், எளிய ஐ.டி.ஆர். 1 படிவமும் பயன்படாது. சிட்டா, அடங்கல் நகல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ரசீது அல்லது மண்டி பில், உரம் முதல் அறுவடைக் கூலி வரையிலான செலவுக் குறிப்பு ஆகியவை இருந்தால் போதும். அடங்கலில் இல்லாத பயிரின் வருமானத்தை எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

உங்கள் திருமணத்துக்கு வந்த மொய்க்கு வரி இல்லை. காதுகுத்து, புதுமனை புகுவிழாவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. நெருங்கிய உறவினர் எழுதியதற்கு எப்போதும் வரி கிடையாது, மற்றவர்களிடமிருந்து அன்பளிப்பாக வந்தது ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுவதும் வருமானத்தில் சேரும். உறவினர் யார், மற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல மொய் நோட்டைவிட நல்ல ஆவணம் எது? அதைப் பத்திரமாக வையுங்கள்.

ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்த்து வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் பங்குகளை வாங்கியவர்கள், அந்தப் பங்குக் கணக்கின் அறிக்கையை எடுங்கள். இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டியே ஆக வேண்டும், விற்காவிட்டாலும். அந்த அட்டவணை டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டுக் கணக்கில் கேட்கப்படுகிறது என்பதால் நிதியாண்டு அறிக்கை மட்டும் போதாது.

இப்போது துறையின் பதிவைத் திறங்கள்

இ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். இரண்டையும் இறக்குங்கள். 26ஏஎஸ் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியின் பதிவு. 2021 நவம்பரில் வந்த ஏ.ஐ.எஸ். (ஆண்டுத் தகவல் அறிக்கை) அதைவிட விரிவானது, வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்துப் பரிமாற்றம் எல்லாம் அதில் வரும். ஏ.ஐ.எஸ். கோப்பைத் திறக்கக் கடவுச்சொல், பான் எண் சிறிய எழுத்தில், அதையடுத்து பிறந்த தேதி எட்டு இலக்கத்தில்.

உங்கள் பட்டியலையும் ஏ.ஐ.எஸ்.ஸையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள். உங்களிடம் இருந்து அங்கே இல்லாததை ரிட்டர்னில் சேர்த்தே காட்ட வேண்டும். அங்கே இருந்து உங்களிடம் இல்லாதது என்றால், மறந்துபோன எஃப்.டி.யா என்று முதலில் பாருங்கள். கூட்டுக் கணக்கின் வட்டி முழுவதும் முதல் பெயர்க்காரர் பானில் பதிவாகியிருக்கலாம். பங்கு விற்ற மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம், லாபம் மட்டும்தான் வரிக்கு வரும், புரோக்கர் அறிக்கை அதற்கு ஆதாரம். உண்மையிலேயே தவறான பதிவு என்றால் அதே பக்கத்தில் கருத்துத் தெரிவிக்கும் வசதியில், தகவல் சரியில்லை, இரண்டு முறை வந்துள்ளது, வேறு பானுக்கு உரியது என்று தேர்வு செய்து அனுப்பலாம். சம்பளத்தில் பிடித்த டி.டி.எஸ். 26ஏஎஸ்ஸில் வரவில்லை என்றால் நிறுவனம் தன் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் ஜூன் மாதத்திலேயே பார்ப்பது அவசியம்.

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் மட்டும் கழிவு ஆவணங்களையும் சேர்க்க வேண்டும்: எல்.ஐ.சி. பிரீமிய ரசீது, மருத்துவக் காப்பீட்டு பாலிசி எண், கல்விக் கட்டண ரசீது, வீட்டுக்கடன் கணக்கு எண், வாடகை ரசீது. ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவை. பாலிசி எண், கடன் கணக்கு எண் போன்றவற்றை ரிட்டர்ன் படிவமே இப்போது கேட்கிறது, தொகை மட்டும் தெரிந்தால் போதாது.

ரிட்டர்னோடு எந்த ஆவணத்தையும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டும். நிதியாண்டின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, வருமானத் தலைப்புவாரியாகக் கோப்புகளைச் சேமியுங்கள், நீங்கள் எழுதிய பட்டியலையும் படமெடுத்து அதிலேயே போடுங்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு அழிக்க வேண்டாம். சொத்து, நகை, பங்கு வாங்கிய ஆவணங்களை, அந்தச் சொத்தையோ நகையையோ பங்கையோ விற்று வரி கட்டி முடித்த பிறகும் அதே அளவு காலம் வைத்திருங்கள். ரிட்டர்ன் அனுப்பியதும் 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்து, வரும் ஒப்புகைச் சீட்டையும் அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.